பல் போனவர்களுக்கும் ஒரு பஞ்சு இனிப்பு!



'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் நொறுங்கத் தின்னப் பல் வேண்டாமா? பண்டிகை வந்தால் முறுக்கு, தட்டை, அதிரசம், மைசூர்பாகு, கடலை உருண்டை என்று டின் டின்னாகச் செய்து அடுக்குகிறோம். வீட்டில் இருக்கும் வயதானவர்கள் வாயில் போட்டுக்கொள்ள அதில் எது இருக்கிறது என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்?

"பாயசம் இருக்கே, கேசரி இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பாயசத்து முந்திரி அவர்களுக்கு ஆகாது. கேசரியில் சர்க்கரையும் நெய்யும்தான் அதிகம். பழம் சாப்பிடலாம் என்றால், வாழைப்பழமும் பப்பாளியும் தவிர மற்றதெல்லாம் கடிக்க வேண்டிய பழங்கள். பேரீச்சை, அத்தி, திராட்சை மாதிரி உலர்ந்த பழங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். தோல் ரப்பர் மாதிரி இழுக்கும். பல்செட் போட்டவர்களுக்கு செட்டே கழன்று கையோடு வந்துவிடும். அந்த உலர்ந்த பழத்தையே பஞ்சு மாதிரி ஆக்கி, நாக்காலேயே நசுக்கிச் சாப்பிடும்படி ஒரு இனிப்பு செய்யலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மாமியாருக்கு 76 வயது. பற்களை எடுத்துவிட்டு செட் கட்டிக் கொடுத்தோம். ஈறில் உராய்ந்து புண்ணானதால் அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். குழைந்த சாதம், ரசம், மோர் இவற்றோடு நிறுத்திக்கொண்டார். இனிப்பு கொடுத்தால், "எனக்கு இனிப்பே பிடிக்காதும்மா, குழந்தைகளுக்குக் குடு" என்பார். நாங்களும் வயதாகிவிட்டது, ஆசை விட்டுப்போச்சு என்று நினைத்தோம். எல்லாரோடும் சாப்பிட உட்காராமல், நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சமையலறை ஓரத்தில் தனியாகச் சாப்பிடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். ஆறு மாதத்தில் ஐந்து கிலோ எடை குறைந்தது. டாக்டர் ரத்தம், சர்க்கரை எல்லாம் பரிசோதித்துவிட்டு, "நோய் ஒன்றும் இல்லை. சாப்பாடு போதவில்லை" என்றார்.

ஒருநாள் தலை வாரிவிடும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏன் அத்தை எங்களோட உட்கார மாட்டேங்கறீங்க?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நீங்கள்லாம் பத்து நிமிஷத்துல கை கழுவிடறீங்க. நான் மட்டும் உட்கார்ந்து அசை போட்டுக்கிட்டு இருந்தா எல்லாரும் என் வாயையே பார்க்கிற மாதிரி இருக்கும்மா. அதான்."

பசி இல்லாமல் இல்லை, ஆசை இல்லாமலும் இல்லை. வெட்கம்தான் அவரைப் பந்தியை விட்டு எழுப்பியிருக்கிறது. அவருக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் அந்த வெட்கம் போகாது, கூடத்தான் செய்யும். எல்லார் கிண்ணத்திலும் இருப்பதே அவர் கிண்ணத்திலும் இருக்க வேண்டும். அதை எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இப்படி யோசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது லாலாகுடா மிஸ்.

என் கணவருக்கு ரயில்வே வேலை. கல்யாணமான புதிதில் சில வருடங்கள் செகந்திராபாத்தில் இருந்தோம். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்திய டீச்சர் ஒருவர் குடியிருந்தார். எல்லாருக்கும் அவர் 'மிஸ்'தான். ஐதராபாத் பக்கம் முஸ்லிம் கல்யாண விருந்துகளில் 'குபானி கா மீட்டா' என்று ஒரு இனிப்பு போடுவார்கள். குபானி என்றால் உலர்ந்த ஆப்ரிகாட் பழம். ஊறவைத்து, சர்க்கரை போட்டு, கூழாகக் கொதிக்கவைத்து, மேலே பாலாடை அல்லது ஐஸ்கிரீம் வைத்துத் தருவார்கள். மிஸ் அந்தக் குபானிக் கூழோடு முட்டையின் வெள்ளைக்கருவை நுரையாக அடித்துக் கலந்து, வேறு மாதிரி செய்வார். அவர்கள் வீட்டில் அதற்கு 'விப்' என்று பெயர். ப்ரூன் என்னும் உலர்ந்த பிளம்ஸ் பழத்தில் செய்வதுதான் பழைய முறையாம். அமெரிக்காவில் 1896-ல் ஃபானி ஃபார்மர் என்ற அம்மையார் எழுதிய பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகத்திலேயே 'ப்ரூன் விப்' இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக வீடுகளில் செய்துவரும் பண்டம். ஓட்டல் பண்டம் இல்லை, பயப்படாதீர்கள்.

மிஸ் அவனில் செய்வார். என்னிடம் அவன் இல்லை. இட்லிப் பானையில் ஆவியில் வைத்துச் செய்கிறேன். நன்றாகவே வருகிறது.

தேவையானவை (5 பேருக்கு)

கொட்டை நீக்கிய உலர்ந்த ஆப்ரிகாட் 100 கிராம் (கொட்டையோடு இருந்தால் 150 கிராம்), முட்டை 3, சர்க்கரை 3 மேஜைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, பாத்திரத்தில் தடவ வெண்ணெய் கொஞ்சம்.

செய்முறை

பழத்தைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் இரவே ஊறவைத்துவிடுங்கள். காலையில் கொட்டை இருந்தால் எடுத்துவிட்டு, ஊறிய தண்ணீரோடு அடுப்பில் வைத்துச் சிறு தீயில் 15 நிமிடம் வேகவிடுங்கள். ஆறியதும் மிக்ஸியில் அரைத்து, கம்பி வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். இந்த வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். தோல் துணுக்கு ஒன்று மேலண்ணத்தில் ஒட்டினால் பெரியவர்களுக்குப் புரை ஏறும்.

வடிகட்டிய கூழை இரண்டு கரண்டி சர்க்கரையோடு மறுபடி அடுப்பில் வைத்து ஜாம் பதத்துக்குக் கிளறுங்கள். முக்கால் கப் அளவு வரும். கீழே இறக்கி நன்றாக ஆறவிடுங்கள். கூழ் தண்ணியாக இருந்தாலும் சூடாக இருந்தாலும் நுரை அமுங்கிவிடும். கெட்டியாகவும் ஆறியும் இருந்தால் பழத்தில் உள்ள பெக்டின் நுரையைத் தாங்கிப் பிடிக்கும். ஜெல்லி உறைவதற்குக் காரணமான அதே சத்துதான் அது.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் உடைத்து வெள்ளைக்கருவையும் மஞ்சள் கருவையும் பிரித்துவிடுங்கள். குளிர்ச்சியாக இருக்கும்போது பிரிப்பது சுலபம். பிரித்த பிறகு வெள்ளைக்கருவை மட்டும் அரை மணி வெளியில் வைத்து அடித்தால் நுரை அதிகம் வரும். எவர்சில்வர் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருக்கக் கூடாது. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும், அதிலுள்ள கொழுப்பு நுரை பொங்க விடாது.

ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டு, முட்டை அடிக்கும் கம்பியால் அடியுங்கள். மிஷின் இருந்தால் மூன்று நான்கு நிமிடம், கையால் என்றால் பத்து நிமிடம் ஆகும். முதலில் சோப்பு நுரை மாதிரி பெரிய குமிழியாக வரும். பிறகு குமிழி பொடியாகி வெள்ளை வெளேர் என்று ஆகும். அப்போது மீதி ஒரு கரண்டி சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி அடியுங்கள். கம்பியைத் தூக்கினால் நுனி கொக்கி மாதிரி நிற்க வேண்டும். அதுதான் பதம். அதற்கு மேலும் அடித்தால் திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடும்.

இனி கலக்க வேண்டும். நுரையில் ஒரு கரண்டி எடுத்து முதலில் கூழோடு கலந்து கூழை இளக்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கூழை மீதி நுரையில் போட்டு, தட்டைக் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். இட்லி மாவு கரைப்பது மாதிரி கையைச் சுழற்றிவிடாதீர்கள். அங்கங்கே வெள்ளைக் கோடு தெரிந்தால் தெரியட்டும்.

வெண்ணெய் தடவிய சின்னக் கிண்ணங்களில் முக்கால் பாகம் நிரப்புங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் மெதுவாகக் கொதித்துக்கொண்டிருக்கும்போது கிண்ணங்களைத் தட்டில் வையுங்கள். மூடியில் துணி கட்டி மூடினால் ஆவித் தண்ணீர் சொட்டாது. சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். ஒரே பெரிய பாத்திரம் என்றால் 35 நிமிடம் பிடிக்கும். தளதளவென்று கொதித்தால் 'புஸ்'ஸென்று எழும்பி உடனே குழி விழும். பாதியில் திறந்து பார்ப்பதும் வேண்டாம். நடுவில் கத்தி விட்டால் சுத்தமாக வர வேண்டும். ஆறும்போது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். உள்ளே சூடான காற்று சுருங்குவதால் அப்படி. ருசிக்கும் மென்மைக்கும் ஒரு குறையும் இல்லை.

மீந்த மூன்று மஞ்சள் கருவை வீணாக்காதீர்கள். இரண்டு டம்ளர் பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால், கரண்டியின் முதுகில் ஆடை மாதிரி படியும் பதத்துக்கு வரும். அதைக் குளிரவைத்து மேலே ஊற்றிச் சாப்பிட்டால் அமிர்தம்! இரண்டையும் அன்றே, மீந்தால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

சிலர் வெள்ளைக்கருவை வேகவைக்காமல் அப்படியே நுரைத்துக் குளிரவைத்துச் சாப்பிடுவார்கள். பெரியவர்களுக்கும், சின்னக் குழந்தைகளுக்கும், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அப்படிக் கொடுக்கவே கூடாது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். வயதானவர்களுக்கு வந்தால் படுக்கையில் தள்ளிவிடும். அதனால்தான் ஆவியில் நன்றாக வேகவைக்கச் சொல்கிறேன்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு

அரை லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் நான்கு மணி நேரம் தொங்கவிட்டு வடியுங்கள். 100 மில்லி கிரீமைத் தனியாக நுரைத்து, வடிந்த தயிரையும் ஆறிய பழக்கூழையும் அதில் புரட்டிக் கலந்து குளிரவையுங்கள். கடையில் கிரீம் வாங்கும்போது பாக்கெட்டைப் படியுங்கள். கொழுப்பு 25 சதவீதம் என்று போட்டிருந்தால் என்ன அடித்தாலும் நிற்காது. 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். கிரீம், பாத்திரம், கம்பி எல்லாம் ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும். வெண்ணெய் கடைந்து பழகிய கைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஒரு நிமிடம் கூட அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும்!

ஜெலட்டின் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். அது மாட்டின், பன்றியின் தோல் எலும்பிலிருந்து எடுப்பது. சைவர்கள் உறையவைக்க வேண்டுமானால் கடல்பாசியை, அதாவது சைனா கிராஸைப் பயன்படுத்தலாம்.

எந்தப் பழம் நல்லது?

ஆப்ரிகாட் விலை அதிகம் என்றால் பேரீச்சையில் செய்யலாம். கொட்டையில்லாத பேரீச்சை 100 கிராமை வெந்நீரில் ஒரு மணி ஊறவைத்து, அரைத்து, தோல் போக வடிகட்டுங்கள். அதில் புளிப்பே இல்லாததால் எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன் விடுங்கள். சர்க்கரை ஒரு கரண்டி போதும். ப்ரூன் கிடைத்தால் மலச்சிக்கல் உள்ள பெரியவர்களுக்கு நல்லது. அதில் சார்பிட்டால் என்று ஒன்று இருக்கிறது, குடலை இளக்கும். ஆனால் ஆசைக்கு இரண்டு கிண்ணம் கொடுத்துவிட்டால் அப்புறம் நீங்கள்தான் அவதிப்படுவீர்கள். அத்திப்பழம் மட்டும் வேண்டாம். அதன் பொடி விதைகள் பல்செட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

வாங்கும்போது கவனியுங்கள்

ஆப்ரிகாட் இரண்டு நிறத்தில் கிடைக்கிறது. ஒன்று பளீரென்ற ஆரஞ்சு, மற்றது மங்கிய பழுப்பு. ஆரஞ்சுதான் உயர்ந்தது என்று நினைத்து வாங்குகிறோம். அந்த நிறம் மங்காமல் இருக்க கந்தகப் புகை, அதாவது சல்பர் டை ஆக்சைடு காட்டியிருப்பார்கள். எல்லாருக்கும் அது கெடுதல் இல்லை. ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு அதனால் இழுப்பு வந்துவிடும். பாக்கெட்டில் 220 என்ற எண்ணைப் பார்த்தால் அதுதான். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் பழுப்பு நிறப் பழத்தையே வாங்குங்கள். லடாக்கிலிருந்து வருகிற பழம் கிடைத்தால் விடாதீர்கள். நம் நாட்டில் ஆப்ரிகாட்டுக்குப் பேர்போன இடம் அது. உலகத்திலேயே அதிகமாக உலர்த்தி அனுப்புவது துருக்கி நாட்டு மலாட்டியா பகுதி.

கொட்டைக்குள் பாதாம் மாதிரி ஒரு பருப்பு இருக்கும். ஐதராபாத்தில் இனிப்பு ரகப் பருப்பை மேலே தூவுவார்கள். கசக்கிற ரகமும் உண்டு. அதைத் தின்றால் வயிற்றில் சயனைடு உண்டாகும். எது எந்த ரகம் என்று பார்த்துத் தெரியாது. குழந்தைகள் உடைத்துத் தின்னாதபடி கொட்டைகளைக் குப்பையில் போட்டுவிடுவதே நல்லது.

யாருக்கு வேண்டாம்?

'பழத்து இனிப்புதானே' என்று சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள். உலர்ந்த ஆப்ரிகாட்டில் ஏறக்குறைய பாதி எடை சர்க்கரைதான். பேரீச்சையில் அதைவிட அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். 100 கிராம் ஆப்ரிகாட்டில் 1000 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. பக்கவாதம் வந்து விழுங்கவே சிரமப்படுபவர்களுக்கு எது கொடுப்பதானாலும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பயமில்லை. ஒரு முட்டை வெள்ளைக்கருவில் சுமார் 3 கிராம் புரதம் இருக்கிறது. பழத்தில் நார்ச்சத்து இருக்கிறது. சாதமும் மோருமாகக் காலம் தள்ளுகிற பெரியவர்களுக்கு இந்த இரண்டும்தான் குறைவாகப் போகிறது. உலர்த்தும்போது வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். அதனால் பப்பாளியையும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இதை முதலில் செய்த ஞாயிற்றுக்கிழமை, அத்தைக்கு என்று நான் தனியாக எதுவும் சொல்லவில்லை. ஐந்து கிண்ணத்தையும் ஒரே மாதிரி மேஜையில் வைத்து எல்லாரையும் கூப்பிட்டேன். அத்தையும் வந்து உட்கார்ந்தார். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். "இது என்னடி, வாயில வச்சதும் காணாமப் போகுது!" என்றார். என் சின்ன மகன் முடிப்பதற்கு முன் அவர் முடித்துவிட்டார். ஒரு கிண்ணம் இனிப்பால் ஐந்து கிலோ திரும்பி வந்துவிடாது. டாக்டர் சொன்னபடி பருப்பும் முட்டையும் மசித்துக் கொடுத்துத்தான் எடை மெல்ல ஏறுகிறது. பல்செட்டையும் மறுபடி சரிசெய்யக் கொடுத்திருக்கிறோம். ஆனால் சமையலறை ஓரத்துத் தட்டு போய்விட்டது. அத்தை எங்களோடுதான் சாப்பிடுகிறார். அவருக்காக நாங்களும் கொஞ்சம் நிதானமாகச் சாப்பிடப் பழகிவிட்டோம்.

சகோதரிகளே, வீட்டில் பெரியவர்கள் "எனக்குப் பிடிக்காது", "எனக்குப் பசியில்லை" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேளுங்கள். பல்லா, புண்ணா, வெட்கமா என்று தெரிந்துவிடும். எடை குறைந்துகொண்டே போனால் வயசு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த இனிப்பு நாளாக நாளாகக் கைக்குப் பழகிவிடும். அடுத்த பண்டிகைக்கு முறுக்கு மாவு பிசைகிற அன்றே 100 கிராம் பழத்தையும் ஊறப்போட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கென்று மெல்லாமல் சாப்பிடும்படி ஏதாவது பலகாரம் செய்வீர்களானால், அதை இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். எனக்கும் தினம் ஒன்று தேவைப்படுகிறது.

— ஒரு வாசகி, திருச்சி.